கீ போட்டதும் மூன்று விநாடி காது கொடுங்கள்: எஃப்ஐ பைக் ஸ்டார்ட் ஆகாதபோது

ஏப்ரல் 2020ல் பிஎஸ்-6 புகை மாசு விதி நடைமுறைக்கு வந்த பிறகு, நம் ஊரில் விற்கும் பைக்குகளில் கார்புரேட்டர் அரிதாகிவிட்டது. இன்ஜெக்‌ஷன் வண்டி (எஃப்ஐ, அதாவது பெட்ரோலை மின்சாரத்தால் அளந்து பீய்ச்சும் வண்டி) அதற்கு முன்பும் இருந்தது. 2006ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ வந்தது. 2007ல் பல்சர் 220 இன்ஜெக்‌ஷனோடு வந்து, 2009ல் கார்புரேட்டருக்கே திரும்பிப் போனது. இப்போது எல்லார் வீட்டு வாசலிலும் நிற்பது எஃப்ஐ வண்டிதான். ஆனால் கைப்பழக்கம் பழையதாகவே இருக்கிறது. ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் சோக்கைத் தேடுகிறோம். ஆக்சிலரேட்டரை நாலு முறுக்கு முறுக்குகிறோம். பேட்டரி சாகும்வரை செல்ஃபை அமுக்குகிறோம். அப்படி அமுக்கி அமுக்கியே உண்மையான கோளாறை மறைத்துவிடுகிறோம். முதலில் பழுதாக இருந்தது ஒரு பத்து ரூபாய் ஃபியூஸாக இருந்திருக்கும். கடைக்குப் போகும்போது பேட்டரியும் இறங்கி, பிளக்கும் நனைந்து, மூன்று கோளாறாகப் போய் நிற்கும்.

எஃப்ஐ வண்டி தன் நோவைத் தானே சொல்லும். அது சொல்வது கீ போட்ட முதல் இரண்டு மூன்று விநாடியில். அதைக் கேட்டுவிட்டால் பாதித் தேடல் முடிந்தது. எனவே கீழே உள்ளதை அடையாளம் வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிடுங்கள்.

நல்ல வண்டி எப்படிச் சத்தம் போடும்

வண்டி நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை, தெரு அமைதியாக இருக்கும் காலை நேரத்தில், கீயை ஆன் செய்து கில் சுவிட்சையும் ஆன் நிலையில் வைத்துவிட்டு சும்மா நில்லுங்கள். டேங்குக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று ஒரு முனகல் இரண்டு மூன்று விநாடி வந்து நிற்கும். அது பெட்ரோல் பம்ப். பைப்பில் அழுத்தம் ஏற்றிவிட்டு அது தன்னால் நின்றுகொள்கிறது. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். சில வண்டிகளில் அது சில விநாடியில் அணையும், சிலவற்றில் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் அணையும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அமுக்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தின் ஒலியையும் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பம்ப், விளக்கு, சுற்றும் சத்தம் ஆகிய இந்த மூன்றில் எது மாறியது என்பதே கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கீ போட்டால் மீட்டரே எரியவில்லை

இது எளிது. பேட்டரி முழுதாக இறங்கியிருக்கும், அல்லது பேட்டரி டெர்மினல் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது மெயின் ஃபியூஸ் போயிருக்கும். சீட்டைக் கழற்றி டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுதான். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரும் பழைய பல் துலக்கியும் போதும். துடைத்துக் காயவைத்து இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். ஃபியூஸ் டப்பாவிலேயே பெரும்பாலும் மாற்று ஃபியூஸ் ஒன்று இருக்கும். போன ஃபியூஸில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு மேல் போடாதீர்கள். ஃபியூஸ் இடத்தில் சிகரெட் தாளையும் செப்புக் கம்பியையும் சுற்றுவது வயரிங் முழுவதையும் எரிக்கும் வழி. போட்ட புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசி எர்த் ஆகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஃபியூஸ் போட வேண்டாம்.

மீட்டர் எரிகிறது, செல்ஃப் அமுக்கினால் சத்தமே இல்லை

பதறாமல் நான்கு இடம் பாருங்கள். கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட், கியர், கிளட்ச். பார்க்கிங்கில் பக்கத்து வண்டிக்காரர் தள்ளும்போது கில் சுவிட்சில் கை பட்டிருக்கும். பல வண்டிகளில் கில் சுவிட்ச் ஆஃப் என்றால் பம்ப்கூட முனகாது. அதை வைத்தே பிடித்துவிடலாம். கியரில் இருந்தால் கிளட்சை முழுக்கப் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். நியூட்ரலில் போட்டுப் பார்த்து எடுத்தால், கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

சைடு ஸ்டாண்ட் சுவிட்சைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடத்தில் இருக்கிறது. ஸ்டாண்டை மேலே எடுத்த பிறகும் மீட்டரில் ஸ்டாண்ட் அடையாளம் போகவில்லை என்றால், அல்லது நியூட்ரலில் ஓடும் எஞ்சின் முதல் கியர் போட்டதும் டப்பென்று அணைந்தால், சந்தேகமே வேண்டாம், இந்தச் சுவிட்ச்தான். ஸ்டாண்டைக் காலால் ஏழெட்டு முறை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சேறு என்றால் அதிலேயே விடும். சுவிட்சைத் துண்டித்து ஒயரை முறுக்கி விட்டுவிடச் சொல்லும் கடைகள் உண்டு. ஸ்டாண்டைப் போட்டபடியே கிளம்பி இடது வளைவில் சாய்ந்து விழுபவர்களைக் காப்பதற்காகத்தான் அந்தச் சுவிட்ச் இருக்கிறது. வழியில் மாட்டிக்கொண்ட நாளில் வீடு சேர்வதற்கு மட்டும் அந்த வேலையைச் செய்துவிட்டு மறுநாளே புதியதைப் போடுங்கள்.

நான்கும் சரி, ஆனாலும் சத்தமில்லை என்றால் செல்ஃப் ரிலேயில் இருந்து ஒரு "டக்" வருகிறதா என்று கேளுங்கள். டக் வந்து மோட்டார் சுற்றாவிட்டால் பேட்டரி, அல்லது ரிலேயின் உள்தகடு, அல்லது செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ். டக்கே இல்லை என்றால் செல்ஃப் பட்டன், அல்லது மேலே சொன்ன சுவிட்சுகளில் ஒன்று.

டக்டக்டக் என்று அடிக்கிறது, அல்லது முக்கி முக்கிச் சுற்றுகிறது

பேட்டரி. கார்புரேட்டர் வண்டிக்குப் பேட்டரி ஒரு வசதி. எஃப்ஐ வண்டிக்கு அதுதான் மூச்சு. பம்ப், இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை), இசியூ (வண்டியின் கணினி மூளை), இக்னிஷன் நான்கும் அதிலிருந்துதான் குடிக்கின்றன. செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் கீழே விழும். அதிகம் விழுந்தால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் இசியூ நடுவில் மயங்கி எழுந்துகொண்டிருக்கும். மீட்டர் முள் செல்ஃப் அமுக்கும்போது பூஜ்ஜியத்துக்குப் போய் மறுபடி ஒரு முழுச் சுற்று வந்தால் இதுதான் நடக்கிறது. பலர் இதை "எஞ்சின் சுற்றுகிறதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று நினைத்துப் பம்ப் மாற்றப் போய்விடுகிறார்கள்.

முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். அடுத்து, ஒருவர் செல்ஃப் அமுக்க, நீங்கள் மல்டிமீட்டரைப் பாருங்கள். அமுக்கும் நேரத்தில் 9.6க்குக் கீழே போனால் அந்தப் பேட்டரி ஓய்வில் எவ்வளவு காட்டினாலும் நம்பத் தகுந்ததல்ல. வண்டி ஓடும்போது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, 13.5 முதல் 14.8 வரை இருந்தால் சார்ஜிங் சரி. 12.5லேயே நின்றால் புதுப் பேட்டரியும் ஒரு வாரத்தில் படுத்துவிடும். குற்றவாளி, சார்ஜ் தரும் ஸ்டேட்டர் அல்லது அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். 15ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், பேட்டரி வெந்துபோகும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். மீட்டர் பளிச்சென்று எரிந்து, பம்ப் முனகி, செல்ஃப் மட்டும் தூக்கவில்லை என்றால் இரண்டாம் கியரில் தள்ளிப் பிடிக்கலாம். மீட்டரே மங்கலாக இருந்தால் தள்ளி மூச்சு வாங்கியதுதான் மிச்சமாகும். கிக்கர் உள்ள சில கம்யூட்டர் வண்டிகள் பேட்டரி செத்த நிலையிலும் நாலைந்து உதையில் கிளம்பும்படி அமைக்கப்பட்டவை. உங்கள் வண்டியின் கையேட்டில் அது இருக்கும். காரில் இருந்து ஒயர் போட்டு எடுப்பதானால் கார் எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றி "ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதா" என்று பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அந்த ஒரு நொடி வோல்டேஜ் எகிறலில் இசியூ போனவர்கள் உண்டு. அதன் விலையைக் கடையில் கேட்டால் மயக்கம் வரும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் கீ போட்டபோது பம்ப் முனகவில்லை

கீயை ஆஃப் செய்து பத்து விநாடி விட்டு மறுபடி போடுங்கள். டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள். அருகில் புகையும் நெருப்பும் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. சத்தம் இல்லையென்றால் வரிசை இது: பம்ப் ஃபியூஸ், பம்ப் ரிலே, பம்ப் கப்ளர் (ஒயர் இணைப்பான்), கடைசியில் பம்ப். பம்ப் கடைசி. கடைகளில் அதுதான் முதலாவதாக மாற்றப்படுகிறது.

ஃபியூஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு மூன்று ரிலே இருக்கும். எண் ஒன்றாக இருந்தால் ஒன்றோடு ஒன்றை இடம் மாற்றிக் கீ போடுங்கள். முனகல் வந்துவிட்டால் ரிலேதான் பழுது. செலவே இல்லாத சோதனை. ரிலே சரி என்றால் டேங்குக்கு அடியில் பம்புக்குப் போகும் கப்ளரைக் கழற்றி, கீ போட்ட அந்த மூன்று விநாடிக்குள் மல்டிமீட்டரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வருகிறது, பம்ப் ஓடவில்லை என்றால் பம்ப் போய்விட்டது. வரவில்லை என்றால் ஒயரிங்கில் எங்கோ அறுந்திருக்கிறது. எங்கள் பக்கம் அந்த "எங்கோ" என்பதற்குப் பெரும்பாலும் எலி என்று பெயர். நாலு நாள் நகராமல் நின்ற வண்டியின் சீட்டுக்கு அடியிலும் டேங்குக்கு அடியிலும் கடித்துத் துப்பிய ஒயர்த் துணுக்கும் புழுக்கையும் கிடந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் அப்போதே திறந்து பாருங்கள், கூடு கட்டியிருக்கும்.

பம்ப் ஏன் சாகிறது என்று ஒரு வார்த்தை. அது பெட்ரோலுக்குள் முங்கியிருந்து, அந்தப் பெட்ரோலாலேயே குளிர்ச்சி பெறுகிறது. நாள்தோறும் நூறு ரூபாய்க்கு மட்டும் அடித்து, டேங்கின் அடிமட்டத்திலேயே ஓட்டினால் அது காற்றில் காய்கிறது. அடியில் படிந்த கசடையும் அதுதான் இழுக்கிறது. கால் டேங்க்குக் குறையாமல் வைத்திருப்பது எந்த அடிட்டிவையும்விட நல்ல மருந்து.

பம்ப் முனகுகிறது, நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது

இங்கேதான் பொறுமை வேண்டும்.

வண்டி சாய்ந்து விழுந்ததா? ஸ்டாண்டில் இருந்து சரிந்ததாக இருந்தாலும் சரி. பல வண்டிகளில் சாய்வு சென்சார் உண்டு. வண்டி விழுந்ததும் அது எஞ்சினை அணைத்துவிட்டு, நிமிர்த்திய பிறகும் பிடிவாதமாக இருக்கும். கீயை ஆஃப் செய்து சில விநாடி கழித்துப் போட்டால்தான் அது மனம் மாறும். விழுந்த பதற்றத்தில் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அமுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று உண்மையிலேயே பாருங்கள். மீட்டர் கட்டையை நம்ப வேண்டாம், மூடியைத் திறந்து பாருங்கள். முழுக்கத் தீர்ந்து போய் இப்போதுதான் ஊற்றினீர்கள் என்றால், உடனே செல்ஃப் அமுக்காமல் கீயை ஆன், ஆஃப் என்று மூன்று நான்கு முறை செய்து பம்பை முனகவிடுங்கள். பைப்பில் இருக்கும் காற்று போய் அழுத்தம் ஏறும்.

அடுத்தது பிளக். கழற்றிய பிளக் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. அல்லது ஸ்டார்ட் செய்யும் முயற்சியிலேயே எஞ்சினை மூழ்கடித்துவிட்டீர்கள். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை.

நனைந்திருந்தால்: பல எஃப்ஐ வண்டிகளில் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்தபடி ஐந்து விநாடி செல்ஃப் அமுக்கினால் இசியூ பெட்ரோலை நிறுத்திவிடும், வெறும் காற்று போய் உள்ளே காயும். பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒருமுறை முயலுங்கள். நல்ல நிலையில் உள்ள எஃப்ஐ வண்டிக்கு ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டர் கொடுக்கவே தேவையில்லை. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்று அது ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அதிலும் பிடிக்கவில்லை என்றால் பொறியைச் சோதியுங்கள். பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடல் எஞ்சின் உலோகத்தில் அழுத்தமாகப் பட்டிருக்கும்படி வைத்து, பிளக் துளைக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி வைத்து அமுக்குங்கள். துளையிலிருந்து பெட்ரோல் புகை வரும், அது பற்றிக்கொள்ளக்கூடாது. எர்த் இல்லாமல் காற்றில் தொங்கவிட்டுச் சுற்றினால் காயிலுக்கும் இசியூவுக்கும் கேடு. நீலமும் வெள்ளையுமாக டப்டப்பென்று வந்தால் பொறி நலம். ஆரஞ்சாக மங்கலாக வந்தால் முதலில் புது பிளக். அது விலை குறைவானது. வரவேயில்லை என்றால் பிளக் கேப், காயில், அப்புறம் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதைப் பார்க்கும் சென்சார், கீழே விரிவாக வரும்).

காய்ந்திருந்தால்: பம்ப் முனகுவதாலேயே அழுத்தம் வருகிறது என்று சொல்ல முடியாது. பம்புக்கு அடியில் உள்ள வலைச்சல்லடை அடைத்திருந்தால் முனகலின் தொனி மாறியிருக்கும், சற்றுக் கீச்சென்று, அழுவதுபோல். பெரும்பாலான வண்டிகளுக்கு ஏறத்தாழ 3 பார் அழுத்தம் வேண்டும். கேஜ் வைத்திருக்கும் கடையில் ஐந்து நிமிட வேலை. நீங்களே பைப்பைக் கழற்றுவதானால் முதலில் பம்ப் கப்ளரைப் பிடுங்கிவிட்டுச் சிலமுறை செல்ஃப் அமுக்கி அழுத்தத்தை இறக்குங்கள். அப்படிச் செய்யாமல் கிளிப்பைத் திறந்தால் பெட்ரோல் பீய்ச்சி எஞ்சின் சூட்டில் விழும். அழுத்தம் சரி என்றால் இன்ஜெக்டர். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை அதன் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அமுக்கச் சொல்லுங்கள். டிக்டிக் என்று கேட்டால் அது திறந்து மூடுகிறது. கேட்காவிட்டால் கப்ளர், ஒயர், அல்லது கிராங்க் சென்சாரிலிருந்து செய்தி வரவில்லை.

இப்போது இ20 பெட்ரோல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023லிருந்து பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, இன்று எங்கும் அதுதான். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறிய தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். மழைக்காலத்தில், பெட்ரோல் போட்டுச் சில கிலோமீட்டரில் வண்டி இருமத் தொடங்கி நின்றால் இதை நினையுங்கள். சுத்தமான டியூபால் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் டேங்கைக் காலி செய்து துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

ஓடும்போது நின்றது, ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது

இந்த அடையாளத்தைப் பற்றி எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம். 2022 மே மாதம், நடுப்பகலில், திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தேன். வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி எந்த அறிகுறியும் காட்டாமல் அணைந்தது. இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை, சுவிட்சை அணைத்ததுபோல். பம்ப் முனகியது, செல்ஃப் நன்றாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. ஒரு வேப்ப மர நிழலில் நாற்பது நிமிடம் நிறுத்தியிருந்துவிட்டு அமுக்கினேன்; முதல் அமுக்கிலேயே பிடித்தது. மதுரையில் ஒரு கடையில் "பம்ப் சூடாகுது" என்று பம்பை மாற்றினார்கள். நாலாயிரத்துச் சொச்சம். இரண்டு வாரம் கழித்துக் கொடைரோடு அருகே அதே நேரம், அதே வெயில், அதே நிற்றல்.

காரணம் கிராங்க் சென்சார். மெக்கானிக்குகள் பிக்கப் காயில், பல்சர் காயில் என்பார்கள். மேக்னட் மூடிக்குள் இருக்கும் சிறு சுருள் அது. கிராங்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று இசியூவுக்குச் சொல்லும் ஒரே கண். அந்தக் கண் மூடினால் பொறியும் கிடையாது, இன்ஜெக்டரும் திறக்காது. உள்ளே மயிரிழையாக விரிசல் விட்ட கம்பி, குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் சூட்டில் விரிந்து அறுபடும். ஆறியதும் மறுபடி ஒட்டும். அதனால்தான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் அது நல்ல பிள்ளையாக ஓடிவிடுகிறது.

சோதனை செய்ய வேண்டியது நின்ற அந்த நிமிடத்தில்தான். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். பல வண்டிகளில் சுற்றும்போதே முள் சற்று அசையும், அல்லது டிஜிட்டலில் சில நூறு காட்டும். நன்றாகச் சுற்றியும் அது பூஜ்ஜியத்திலேயே இறந்து கிடந்தால் கிராங்க் சென்சார் மீது கை வையுங்கள். சென்சார் கப்ளரைக் கழற்றி ஓம் அளவு பாருங்கள். சுருள் வகை சென்சாரில் பெரும்பாலும் நூறிலிருந்து சில நூறு ஓம் வரை காட்டும். உங்கள் வண்டிக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆறியபோது 190, சூட்டில் முடிவிலி என்று காட்டியது என்னுடையது. புதுச் சென்சாரின் விலை நான் பம்புக்குக் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மாற்றிய நாளிலிருந்து இன்றுவரை அந்த வண்டி வழியில் நிற்கவில்லை.

சூட்டில் நிற்பதற்கு வேறு காரணமும் உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். நிற்பதற்கு முன் இழுவை குறைந்து, திணறி, பிறகு நின்றால் பெட்ரோல் பக்கம் பாருங்கள்: சோர்ந்த பம்ப், அடைத்த டேங்க் மூடிக் காற்றுத் துளை. மூடியைத் திறந்ததும் "புஸ்" என்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் அந்தத் துளைதான். திடீரென்று சுவிட்சை அணைத்ததுபோல் நின்றால் மின்சாரப் பக்கம். இந்த ஒரு வேறுபாட்டை அந்த மே மாதம் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பம்ப் மிஞ்சியிருக்கும்.

ஆக்சிலரேட்டர் கொடுத்தால்தான் பிடிக்கிறது, விட்டால் அணைகிறது

எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறது, அல்லது ஐடிலுக்கு (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும் நிலைக்கு) காற்று விடும் சின்ன மோட்டார் வால்வு கரியில் ஒட்டியிருக்கிறது. த்ராட்டில் பாடி கிளீனர் அடித்துத் துணியால் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கம்பியோ எமரித் தாளோ உள்ளே போகக்கூடாது. துடைத்த பிறகு சில நிமிடம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடவிடுங்கள், இசியூ புதிய நிலையைக் கற்றுக்கொள்ளட்டும். காலைக் குளிரில் மட்டும் தகராறு, வெயில் ஏறியதும் சரி என்றால் எஞ்சின் வெப்பச் சென்சாரைச் சந்தேகப்படலாம். எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக இசியூவிடம் பொய் சொன்னால், அது பெட்ரோலைக் குறைத்துத்தான் கொடுக்கும்.

வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள், மழைக்கு மறுநாள், வெள்ளத்துக்கு மறுநாள்

பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் நிற்கும். அந்தக் குழிக்குப் பக்கவாட்டில் ஒரு சிறு வடிதுளை உண்டு, சேறு அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிட்டு, கேப்பைக் கழற்றி உலர்த்தினால் போதும். பிரஷர் தண்ணீரைக் கப்ளர்கள் மேலும் மீட்டர் மேலும் அடிக்க வேண்டாம் என்று சர்வீஸ் விடும் தம்பியிடம் நின்று சொல்லுங்கள். கப்ளருக்குள் பச்சைப் பூசணம்போல் இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலைந்து முறை மாட்டிக் கழற்றுங்கள்.

வெள்ளம் வேறு கதை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வண்டிகள் சீட்டு வரை மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் செல்ஃப் அமுக்கிப் பார்க்கத்தான் தோன்றும். அமுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். கீயைக்கூடப் போடாமல் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஆயில் காபி நிறத்தில் பால்போல் இருக்கிறதா பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். பிளக்கைக் கழற்றி, மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் துளை வழியே வெளியே வரும். டேங்கில் இருக்கும் பெட்ரோல், எஞ்சின் ஆயில் இரண்டையும் மாற்றி, இசியூவையும் கப்ளர்களையும் இரண்டு நாள் உலர்த்திய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால், எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மஞ்சள் விளக்கு அணையவில்லை என்றால்

இசியூ ஒரு கோடு (கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண்) எழுதி வைத்திருக்கிறது. ஹோண்டா வண்டிகள் பலவற்றில் அந்த விளக்கு மின்னுவதே கோடு: நீண்ட மின்னல் பத்து, குறுகியது ஒன்று. புதிய வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஆறு பின் கொண்ட கண்டறியும் கப்ளர் இருக்கும். அதற்கான மாற்று ஒயரும் புளூடூத் கருவியும் வாங்கினால் போனிலேயே படிக்கலாம். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று. பி0201 இன்ஜெக்டர் சுற்று. பி0230 பம்ப் சுற்று. பி0562 வோல்டேஜ் குறைவு. "சுற்று" என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்சார் செத்துவிட்டது என்று இசியூ சொல்லவில்லை. அந்த ஒயர்வழியில் செய்தி சரியாக வரவில்லை என்றுதான் சொல்கிறது. முதலில் கப்ளரையும் ஒயரையும் பாருங்கள். விளக்கு எரியாததாலேயே எல்லாம் நலம் என்றும் ஆகாது. அடைத்த சல்லடைக்கும் தண்ணீர் கலந்த பெட்ரோலுக்கும் நனைந்த பிளக்குக்கும் கோடு கிடையாது. பெட்ரோல், பொறி இரண்டும் இருந்தும் பிடிக்காத வண்டிக்கு வால்வு இடைவெளியும் கம்ப்ரஷனும் பார்க்க வேண்டும். அதற்கும் விளக்கு எரியாது.

கடைக்குப் போகும்போது

"ஸ்டார்ட் ஆகலண்ணே" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். பம்ப் முனகியதா, சுற்றும் வேகம் எப்படி, விளக்கு என்ன செய்தது, நின்றது சூட்டிலா குளிரிலா, திணறி நின்றதா பட்டென்று நின்றதா, கடைசியாக என்ன வேலை நடந்தது, எங்கே பெட்ரோல் போட்டீர்கள் என்று போனிலேயே குறித்து வைத்துக் காட்டுங்கள். செல்ஃப் அமுக்கும்போது மீட்டரும் சத்தமும் சேர்ந்து வரும்படி பத்து விநாடி வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. விட்டு விட்டு வரும் கோளாறு கடையில் வராது. கொடைரோட்டில் நின்றபோது நான் எடுத்த அந்த வீடியோவில் ஆர்பிஎம் முள் அசையாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் இரண்டாவது மெக்கானிக் அண்ணன் டேங்கைத் தொடாமல் நேராக மேக்னட் மூடிக்குப் போனார்.